கட்டில்வரை வர வேண்டிய வைகை

மதுரை மாநகரம் குடிக்கும் நீரில் கணிசமான பகுதி வைகை அணையிலிருந்து வருகிறது என்பதும், 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஜலத்தை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியிராவிட்டால் அந்த வைகை கோடையில் நமக்குக் கைகொடுக்காது என்பதும் இவ்வூரில் சிறு பிள்ளைகளும் அறிந்த விஷயங்கள். அத்தனை பிரயாசையில் வந்து சேரும் நீர் ஒரு பெரிய வைத்தியசாலையின் மதில்வரை வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். நோயாளியின் கட்டில்வரை அது போய்ச் சேர்கிறதா என்பது முற்றிலும் வேறான கேள்வி.

பழைய தலைமுறையினர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று இன்றும் சொல்லும், கோரிப்பாளையத்து அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு மேலூர், உசிலம்பட்டி, பேரையூரிலிருந்து மட்டுமன்றி, தேனி, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். விடியற்காலையில் பஸ் ஏறி, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்று, கத்திரி வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில் மாத்திரைக் கவுண்டருக்கு வந்து சேரும் ஒரு கூலித் தொழிலாளிக்கு, காசு கொடுத்துத் தண்ணீர் பாட்டில் வாங்குவது சாமானியமான செலவன்று. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் கொண்டவருக்கு ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்பதே மருத்துவர் சொல்லும் முதல் உபதேசம்; வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்குத் தரும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமோ ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைத்தாலன்றி மருந்தாவதில்லை. ஆகவே, ஆஸ்பத்திரியில் குடிநீர் தருவதைத் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் தர்மத்தோடு சேர்த்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அது சிகிச்சையிலேயே ஓர் அங்கம்.

புறநோயாளி ஒருவருக்கு 5 லிட்டரும், உள்நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டரும், எல்லா உபயோகத்துக்குமாக, வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வரையறுத்தது. உலகத்து மருத்துவ நிலையங்களில் நான்கில் ஒன்றுக்கு அடிப்படை நீர் வசதி இல்லை என்று அந்நிறுவனமும் யுனிசெஃபும் 2019-இல் கூட்டாக அறிவித்தன. அந்த அடிப்படை வசதி என்பதன் இலக்கணமோ, பாதுகாக்கப்பட்ட ஆதாரத்திலிருந்து வளாகத்துக்குள் நீர் கிடைத்தால் போதும் என்பதுதான். மூன்றாம் மாடியில் படுத்திருப்பவர் கையெட்டும் தூரத்தில் குடிக்கத்தக்க நீர் இருந்ததா என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்.

மதிலுக்கும் கட்டிலுக்கும் இடையில் நேரும் தடைகள் பெரும்பாலும் பராமரிப்பைச் சார்ந்தவையே. நீரைத் தருவது மாநகராட்சி. கட்டடத்தையும் குழாயையும் கவனிப்பது பொதுப்பணித் துறை. நோயாளியைக் கவனிப்பது மருத்துவமனை. மொட்டைமாடித் தொட்டியில் பாசி பிடித்தாலும், ஆர்.ஓ. இயந்திரத்தின் வடிகட்டி மாற்றப்படாமல் கிடந்தாலும், அதற்குப் பொறுப்பாளி யார் என்று தேடுவதிலேயே நாட்கள் கழிகின்றன. குழாயின் கடைசி முனையில் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்ற விதி, போர் தண்ணீரும் வைகைத் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கும் இடத்தில் எவர் கண்ணுக்கும் படாமற் போய்விடக்கூடும்.

இதில் மிகுந்த வேதனை தருவது, நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்துக்கொள்ளும் பெண்களின் நிலை. தாகமெடுத்தாலும், இரவில் கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் தாய்மார் எத்தனையோ பேர். பிரசவித்த மகளுக்கு வெந்நீர் தேடி அலையும் அவர்களே தங்கள் தொண்டையை நனைக்கத் தயங்குகிறார்கள். குழாயை மட்டும் கட்டிவிட்டு, விளக்கும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறையைக் கட்டாமல் விட்டால், அந்தக் குழாய் அவர்களுக்கு உதவாது.

நம் கிராமத்து மேல்நிலைத் தொட்டிகளில், சுத்தம் செய்த நாளையும் அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நாளையும் பெயிண்டால் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அதே இரண்டு தேதிகளையும், பொறுப்பேற்கும் ஊழியரின் பதவியையும், குளோரின் சோதித்த நாளையும் ஒவ்வொரு வார்டின் வாசலிலும் எழுதிவைக்க அதிகச் செலவாகாது. நோயாளியோடு வந்த எவரும் அதைப் படித்து, தேதி தவறியிருந்தால் அந்த ஊழியரைத் தேடிப்போய்க் கேட்கலாம்.