கொல்லைக்குத் திரும்பட்டும் அந்திமந்தாரை

மாலை நாலரை மணி. காலையில் பூத்ததெல்லாம் துவண்டு கிடக்க, கிணற்றடி ஓரத்துச் செடி அப்போதுதான் மொட்டவிழ்க்கும். ரோஸ், மஞ்சள், வெள்ளை. சில சமயம் ஒரே பூவில் இரண்டு நிறம். அதுதான் அந்திமந்தாரை. அந்திமல்லி என்றும் சொல்வார்கள். மலையாளத்தில் நாலுமணிப்பூ. இரவெல்லாம் மணந்து, மறுநாள் வெயில் ஏறியதும் சுருங்கிவிடும்.

இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. காகிதப்பூவுக்கு நெருங்கிய சொந்தம். நாம் இதழ் என்று நினைப்பது இதழே அல்ல, நிறம் ஏறிய புல்லிவட்டம். அந்த நீண்ட குழலின் அடியில் இருக்கும் தேனை எட்ட, நீளமான உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகளால்தான் முடியும். அவை அந்தியில் பறப்பவை. பூவும் அவற்றுக்காக அந்தியில் விரிகிறது.

வளர்ப்பது எளிது

மிளகு போலக் கறுத்துச் சுருங்கிய விதையை ஓரிரவு ஊற வைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். ஓரிரு வாரத்தில் முளைத்துவிடும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்த தொட்டியே தாராளம். தரையில் என்றால் இரண்டடி இடைவெளி விடுங்கள். அரை நாள் வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். வாடிய செடியை அடியோடு வெட்டினாலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி துளிர்க்கும்.

பாடம் சொன்ன செடி

சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் கலந்தால் பிறக்கும் செடி ரோஸ் நிறத்தில் பூக்கும். அதன் விதையில் சிவப்பு, ரோஸ், வெள்ளை மூன்றும் 1:2:1 கணக்கில் திரும்பி வரும். பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த கணக்குதான். 1909-இல் ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் கோரன்ஸ், இதன் வெள்ளைத் திட்டு விழுந்த இலைகளை ஆராய்ந்தார். மகரந்தம் எந்தச் செடியிலிருந்து வந்தாலும், இலையின் நிறம் தாய்க் கிளையைப் பொறுத்தே அமைந்தது. உட்கருவுக்கு வெளியிலும் மரபுப் பண்பு கடத்தப்படுகிறது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றானது. இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் தொட்டியிலேயே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: விதையும் கிழங்கும் நச்சுத்தன்மை உள்ளவை. சிறு குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதிரும் விதைகளை அவ்வப்போது பொறுக்கி எடுங்கள். விட்டால் தோட்டமெங்கும் முளைக்கும்.

பொறுக்கிய விதைகளை அக்கம்பக்கத்தில் கொடுங்கள். இல்லாதவர்கள் கூச்சமின்றிக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய செடி இல்லை இது, கைமாறிக் கைமாறியே ஊரெல்லாம் வளர்ந்தது. இந்த வாரமே நாலு விதை ஊன்றுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் வாசலிலும் அந்தி பூக்கும்.