வாத்து சுட 25 டாலர்

அமெரிக்காவில் 16 வயது நிரம்பியவர் காட்டுவாத்து சுடப் போனால், மாநில லைசென்ஸ் மட்டும் போதாது. 25 டாலர் கொடுத்து மத்திய அரசின் ‘டக் ஸ்டாம்ப்’ வாங்க வேண்டும். காகித ஸ்டாம்ப் என்றால் அதன்மேல் குறுக்கே மையால் கையெழுத்தும் போட வேண்டும். அந்தப் பணத்தில் டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. 1934 முதல் 60 லட்சம் ஏக்கருக்கு மேல் இப்படித் தப்பியிருக்கிறது.

வேட்டைக்குத் தடை போட்ட இந்தியாவிலிருந்து பார்த்தால், கொல்லக் காசு வாங்கி வளர்க்கிறார்களா என்றுதான் தோன்றும். அங்கே நிலைமை வேறு. 1930-களின் வறட்சியில் டகோட்டா பக்கத்துப் புல்வெளிக் குட்டைகள் காய்ந்தன. மிஞ்சியதை வடித்து உழவர்கள் கோதுமை விதைத்தார்கள். பல வாத்துகள் குஞ்சு பொரிப்பது அந்தக் குட்டைகளை ஒட்டித்தான். அயோவாவின் கார்ட்டூனிஸ்ட் ‘டிங்’ டார்லிங் வேட்டைக்காரர், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை விடாமல் கிண்டலடித்த எதிர்க்கட்சிக்காரர். ரூஸ்வெல்ட் அவரையே வனவிலங்குத் துறைக்குத் தலைவராக்கினார்! சலவைச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டையில் டார்லிங் கிறுக்கிய படம், நீரில் இறங்கும் இரண்டு மல்லார்ட் வாத்துகள், முதல் ஸ்டாம்பாக வந்தது. விலை 1 டாலர்.

1937-இல் வேட்டைக்காரர்கள் ‘டக்ஸ் அன்லிமிடெட்’ அமைப்பைத் தொடங்கி, அமெரிக்கப் பணத்தைக் கனடாவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். தாங்கள் சுடும் பறவை பிறக்கும் இடம் அது என்ற கணக்கு. சுயநலம்தான், பலன் சுடப்படாத கொக்குக்கும் தவளைக்கும் சேர்ந்தே கிடைத்தது.

எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. தரையில் சிதறிய ஈயக் குண்டைக் கூழாங்கல் என்று வாத்து விழுங்கும். இரைப்பையில் அது அரைபட்டு நஞ்சாகும். அந்த வாத்தைத் தின்னும் கழுகும் சாகும். இது தெரிந்த பிறகும் எஃகுக் குண்டுக்கு மாறப் பலர் முரண்டு பிடித்தார்கள். வாத்து வேட்டையில் ஈயக் குண்டுக்கு நாடு முழுக்கத் தடை வர 1991 ஆயிற்று.

2023-இல் சாக்கெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆற்றோடும் ஏரியோடும் மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணையாத சதுப்புகளைத் தூயநீர்ச் சட்டத்தின் காவலிலிருந்து விலக்கியது. தனித்து நிற்கும் புல்வெளிக் குட்டைகளுக்கும் அந்தக் காவல் இல்லை. வேட்டை அமைப்புகளும் குரல் எழுப்பின. ஆனால் வேட்டைக்காரர்களின் எண்ணிக்கை குறைந்து வருகிறது: 1970-களில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் விற்ற ஸ்டாம்ப் இப்போது சுமார் 15 லட்சம். பறவை பார்க்கப் பைனாகுலரோடு வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் ஸ்டாம்ப் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பைனாகுலர், முதுகுப்பை போன்றவற்றுக்கு வனவிலங்குப் பாதுகாப்புக்காக வரி போடலாம் என்று 1990-களில் பேச்சு எழுந்தபோது, அவற்றை விற்கும் கம்பெனிகள் எதிர்த்து நின்றன. வரி வரவில்லை.