இலை வெளிறும் முன்பே பயிரின் பசியைக் காட்டும் ராமன் ஒளி

பயிர் வெளிறிய பிறகு யூரியா தேடி அலைவது பலருக்கும் வழக்கம். ஆனால் இலை வெளிறும் முன்பே தழைச்சத்து குறையத் தொடங்கியிருக்கும். பயந்து அதிகமாக இட்டாலோ நெற்பயிர் சாயும், புகையானும் குலை நோயும் பெருகும், காசும் வீண். பசியை முன்கூட்டியே அறிய ராமன் ஒளி ஆய்வு உதவுகிறது.

நிறம் மாறும் ஒளி

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து 1928 பிப்ரவரி 28-ல் கல்கத்தாவில் ஓர் உண்மையைக் கண்டார். ஒரு பொருளின் மீது ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். அந்த மாற்றம் பொருளிலுள்ள மூலக்கூறுகளின் அதிர்வைப் பொறுத்தது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதிர்வு வேறு. ஆகவே நிறம் மாறிய ஒளியை ஆராய்ந்தால், பொருளைச் சிதைக்காமலே உள்ளிருப்பதை அறியலாம். இதற்காக ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கீரையில் கண்ட பலன்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்துடன் இணைந்த சிங்கப்பூர் ஆய்வுக் குழு, 2020-ல் இம்முறையைக் கீரை வகைகளில் பயன்படுத்தியது. இலையைப் பறிக்காமல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதிலுள்ள நைட்ரேட்டின் அளவை அறிந்தனர். கண்ணுக்கு அறிகுறி தெரியும் முன்பே தழைச்சத்துக் குறை புலப்பட்டது. இலையைக் கவ்விப் பிடித்து அளக்கும் சிறு கருவியையும் உருவாக்கினர்.

இக்கணக்கை நெல்லுக்கு அப்படியே கொள்ள இயலாது. நீர் தேங்கிய வயலில் நெல் தழைச்சத்தைப் பெரும்பாலும் அம்மோனிய வடிவில் எடுக்கிறது. நைட்ரேட்டை மட்டும் அளந்தால் போதாது.

இப்போது செய்யக்கூடியது

நெல் விவசாயிகளுக்கு இலை வண்ண அட்டை கைகொடுக்கும்.

* நட்ட 14-ம் நாள் முதல், நேரடி விதைப்பில் 21-ம் நாள் முதல், வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.
* காலை 8 முதல் 10 மணிக்குள், வயலில் பரவலாக 10 பயிர்களில், மேலிருந்து 3-வதாக நன்கு விரிந்த இலையை அட்டையுடன் ஒப்பிட வேண்டும்.
* அட்டை மீது வெயில் படக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஒருவரே பார்ப்பது நல்லது.
* 6 இலைகளோ அதற்கு மேலோ 4-ம் எண் நிறத்தைவிட வெளிறியிருந்தால் மட்டும் மேலுரம் இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் எண் போதும்.

நாள் கணக்கை மட்டும் நம்பாமல், இலையைக் கேட்டு உரமிட்டால் செலவு குறையும்; பயிரும் சாயாமல் நிற்கும்.