மீன் வாசம் அறிந்த நீர்த்தெள்ளு

டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உயிர். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். தண்ணீரில் மீன் வாசம் கலந்தால் போதும், வெளிச்சத்தை விட்டு விலகி ஆழத்துக்கு இறங்கிவிடும். கண்ணால் இரை தேடும் மீனுக்கு இருட்டில் என்ன தெரியும்?

இந்தச் சாமர்த்தியம் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதை பெல்ஜியத்தின் ஔட் ஹெவர்லே குளம் காட்டியது. 1970-களில் அங்கே மீன்களை ஏராளமாக விட்டார்கள், பின்னர் குறைத்தார்கள். நீர்த்தெள்ளின் உறங்கு முட்டைகள் சேற்றில் பல்லாண்டு கெடாமல் கிடக்கும். ஆய்வாளர்கள் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, அந்தந்தக் காலத்து முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். பாட்டியும் பேத்தியும் ஒரே வயதில், பக்கத்துப் பக்கத்துக் குடுவைகளில்!

மீன் வாசம் இல்லாத நீரில் அவற்றிடையே பெரிய வித்தியாசமில்லை. வாசம் பட்டதும்தான் வேறுபாடு வெளிப்பட்டது. மீன் மலிந்த காலத்தவை முந்தையவற்றைவிடக் கூடுதலாக வெளிச்சத்தை வெறுத்தன. மீன் குறைந்த காலத்தவற்றிடம் அந்த வெறுப்பும் தணிந்திருந்தது. மீனுக்குத் தப்பியவையே சந்ததி பெருக்கியதால், சூழலுக்கேற்ப நடத்தையை மாற்றும் திறனே பரிணாமம் அடைந்திருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகளே தேவைப்பட்டன. இந்த ஆய்வு 2001-இல் வெளியானது.