லினக்ஸ் கணினியும் அச்சுப்பொறிச் செலுத்தியும்
(பிழை காணும் முறை பற்றிய ஒரு விளக்கம்)

எழுதியதைத் தாளிற் பதித்துத் தருதல், கணினியிடம் நாம் வேண்டும் பணிகளுள் மிக எளியதொன்று போலத் தோன்றும். ஆயினும், லினக்ஸ் பணிசெயல் முறைமை நிறுவப்பெற்ற கணினியோடு ஓர் அச்சுப்பொறியை இணைக்க முயன்றோருட் பலர், ‘பொறி பழுதுற்றது’ என்றோ, ‘லினக்ஸ் நமக்கு ஒவ்வாது’ என்றோ முடிவு கட்டி அம்முயற்சியைக் கைவிடக் காண்கின்றோம். இவ்விரு முடிபுகளும் பெரும்பாலும் பொருந்தாதனவே. பொறியும் நன்று, முறைமையும் நன்று, இரண்டற்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் ‘செலுத்தி’ என்னும் சிறு மென்பொருளே ஈண்டுக் கருதற்பாலது. அது நிறுவப்படாதபோது குறையை எங்கே தேடுவது, எவ்வொழுங்கில் தேடுவது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செலுத்தி என்பது யாது?

அச்சுப்பொறி எழுத்தையும் படத்தையும் அறியாது. தாளின் எவ்விடத்தில் மை படிய வேண்டும், எவ்விடத்திற் படியலாகாது என்பதனையே அஃது அறியும். அதனைச் சொல்லுதற்குப் பல மொழிகள் உள. அடோபி நிறுவனம் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட போஸ்ற்ஸ்கிரிப்ற் என்பது அவற்றுள் ஒன்று. 1985 இல் வந்த அப்பிள் நிறுவனத்தின் லேசர்றைற்றர் அம்மொழியைத் தன்னுள்ளேயே பொருளுணரும் ஆற்றல் பெற்றிருந்தது. எச்.பி. நிறுவனம் 1984 இல் வெளியிட்ட லேசர்ஜெற் என்னும் பொறி பி.சி.எல். என்னும் வேறொரு மொழியைக் கையாண்டது. இத்தகைய பொதுமொழிகளை உணரும் பொறிகளுக்குத் தன்னுள் ஒரு சிறு கணினி வேண்டும். ஆதலின் அவை விலை மிக்கன.

விலை மலிந்த பொறிகளிலோ அவ்வறிவு இல்லை. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதையும் அவை கணினியின் தலையிற் சுமத்திவிடுகின்றன; புள்ளிகளைப் பெறுதற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனவொரு மறைமொழியை வைத்துக்கொண்டுள்ளது. ஆகவே, மலிந்த பொறியே செலுத்தியைப் பெரிதும் சார்ந்து நிற்பதாகும். நூறாயிரம் பெறுமதியான பொறி லினக்ஸில் உடனே இயங்கவும், அதனிற் பன்மடங்கு குறைந்த விலைக்கு வாங்கியது இடர்ப்படுத்தவும் காரணம் இதுவே. இதனை அறிந்தார் பொறி வாங்குமுன்னரே பாதிச் சிக்கலைத் தீர்த்தவராவர்.

வரலாற்றில் ஓர் அச்சுப்பொறி

லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களின் தோற்றத்தோடு அச்சுப்பொறிச் செலுத்திக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. அமெரிக்காவிலுள்ள மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு, 1980 ஆம் ஆண்டளவில், செரொக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை வழங்கியது. அங்குப் பணிபுரிந்த றிச்சர்ட் ஸ்டால்மன் என்பார், முன்னிருந்த பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கிக்கொண்டவிடத்துக் காத்திருப்போர்க்கு அச்செய்தி செல்லுமாறு அமைத்திருந்தார். புதிய பொறியிலும் அவ்வாறு செய்ய விழைந்தபோது, அதன் மூலநிரல் அவருக்குக் கிடைத்திலது. கானகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதனை வைத்திருந்த ஒருவரைக் கேட்டபோது, வெளியிடுவதில்லை என உறுதியளித்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். 1983 ஆம் ஆண்டு ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டத்துக்கு ஏதுவாயமைந்த நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றாகும். 1991 இல் லினஸ் ரோவால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் அத்திட்டத்தின் கருவிகளும் ஒன்றுசேர்ந்தமையாலேயே நாம் இன்று காணும் முறைமை உருவாயிற்று. எனவே, செலுத்தி பற்றிய வினா வெறும் தொழினுட்ப வினா அன்று. ஒருவன் தன் கைப்பொருளைத் தானே செப்பஞ் செய்ய உரிமையுடையனோ என்னும் வினாவும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

அச்சு செல்லும் வழி

பிழை காண விழைவோர் முதற்கண் வழியை அறிதல் வேண்டும். லினக்ஸில் அச்சுப்பணியை நடத்துவது கப்ஸ் என்னும் முறைமையாகும். மைக்கல் சுவீற் என்பார் 1997 இல் இதனைத் தொடங்கி 1999 இல் வெளியிட்டார். அப்பிள் நிறுவனம் தன் கணினிகளுக்கு இதனை ஏற்று, 2007 இல் அதன் உரிமையையும் வாங்கிக்கொண்டது. லினக்ஸ் உலகில் இப்பொழுது இதனைப் பேணி வளர்ப்பது ஓப்பின்பிறின்ரிங் என்னும் குழுவாகும்.

நாம் அச்சிடுமாறு பணித்ததும் நிகழ்வது நான்கு படிகளாகும். முதலாவது, நம் ஆவணம் வரிசை ஒன்றிற் சேர்கின்றது. இரண்டாவது, வடிகட்டிகள் எனப்படும் சிறு நிரல்கள் அதனைப் படிப்படியாக மாற்றுகின்றன, பெரும்பாலும் பி.டி.எப். வடிவமாகவும், பின்னர்ப் புள்ளிப் படமாகவும் அது மாறுகின்றது. மூன்றாவது, செலுத்தியின் வடிகட்டி அப்புள்ளிகளைப் பொறியின் மொழியிற் பெயர்க்கின்றது. பொறியின் தாளளவு, மைத்தட்டு முதலிய இயல்புகளைக் கூறும் பி.பி.டி. என்னும் விளக்கக் கோப்பு இதற்குத் துணையாகும். நான்காவது, பின்முனை எனப்படும் நிரல் யு.எஸ்.பி. வடத்தின் வழியாகவோ வலையமைப்பின் வழியாகவோ அதனைப் பொறிக்குச் சேர்ப்பிக்கின்றது.

இந்நான்கினுள் எப்படியிற் தடை நேர்ந்தாலும் நம் கண்ணுக்குத் தோன்றுவது ஒன்றே: தாள் வெளிவரவில்லை என்பது. குறி ஒன்றாயிருப்பக் காரணம் பலவாயிருத்தலாலேயே மயக்கம் உண்டாகின்றது. நோயை அறியாது மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் மருத்துவனைப் போல, செலுத்தியை நீக்கியும் மீண்டும் நிறுவியும் நாள் கழிப்போர் இவ்வுண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தேடும் ஒழுங்கு

முதலிற் கேட்க வேண்டிய வினா: கணினி பொறியைக் காண்கின்றதா? முனையத்தில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்னும் கட்டளையை இட, வடத்தால் இணைந்த சாதனங்கள் யாவும் நிரலாகத் தோன்றும். பொறியின் பெயர் அந்நிரலில் இல்லையாயின், செலுத்தியைத் தேடுவது வீண்; வடம், துளை, மின்வழங்கல் என்பவற்றையே நோக்குதல் வேண்டும். வலையமைப்பு வழியாக இணைந்த பொறியாயின், அதன் முகவரி மாறிவிட்டதா என்று பார்த்தல் நன்று. முகவரியைத் தானே வழங்கும் வழிப்படுத்தி, மின்தடைக்குப் பின்னர் வேறோர் எண்ணை வழங்கியிருத்தல் கூடும். அவ்வாறாயின், நேற்று அச்சிட்ட வரிசை இன்று ஆளில்லா வீட்டின் கதவைத் தட்டுகின்றது எனலாம். பொறிக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்குதலே இதற்கு மாற்றாகும்.

இரண்டாவது வினா: கப்ஸ் அதனைக் காண்கின்றதா? ‘எல்பிஇன்ஃபோ’ என்னும் கட்டளை, கப்ஸ் அறிந்த இணைப்புகளைக் காட்டும். ‘எல்பிஸ்டாட்’ என்பது வரிசைகளின் நிலையைக் கூறும். ஒருமுறை நேர்ந்த சிறு தவற்றின் பின் வரிசை நிறுத்தப்பட்டிருத்தலும் உண்டு. அவ்விடத்துச் செலுத்தியிற் குறையில்லை. ‘கப்ஸ்இனேபிள்’ என்னும் கட்டளையால் வரிசையை மீளத் திறந்தாற் போதும். டெபியன், உபுந்து முதலியவற்றில் அச்சுப்பொறியைச் சேர்க்கும் உரிமை ‘எல்பிஅட்மின்’ என்னும் குழுவினர்க்கே உண்டு. அக்குழுவிற் சேராத பயனர் எத்துணை முயலினும் மறுப்பையே பெறுவர்.

மூன்றாவது வினா: செலுத்தி பொறிக்கும் கணினிக்கும் ஏற்றதா? இஃது இருதலைப் பொருத்தம். பொறிக்குப் பொருந்தாத செலுத்தியாயின், தாள்கள் வெளிவரும். ஆனால், பொருளற்ற குறிகள் நிறைந்து, பக்கம் பக்கமாக வந்துகொண்டேயிருக்கும். பொறி தனக்குத் தெரியாத மொழியை எழுத்தெழுத்தாக வாசிப்பதன் விளைவு இது. கணினிக்குப் பொருந்தாததாயின், ‘வடிகட்டி தவறியது’ என்னும் செய்தி தோன்றும். உற்பத்தியாளர் வழங்கும் செலுத்திகள் சில 32 இருமத்துக் கணினிகளுக்கென ஆக்கப்பட்டவை. 64 இருமத்து முறைமையில் அவற்றுக்கு வேண்டிய 32 இருமத்து நூலகங்கள் இல்லாவிடின், கோப்பு கண்முன்னே இருப்பவும், ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்று முறைமை கூறும். இல்லாதது அக்கோப்பு அன்று. அதனை இயக்கும் துணைக்கோப்பே என்பதை உணர்ந்தார்க்கு இப்புதிர் விடுபடும். உரிய 32 இருமத்து நூலகங்களை நிறுவ, செலுத்தி இயங்கும். ஆனால், இன்ரெல் வகைக் கணினிக்கென ஆக்கிய செலுத்தி, றாஸ்பெரி பை போன்ற ஆர்ம் வகைக் கணினியில் நேரே இயங்காது. அங்கு மூலநிரல் கிடைக்கும் செலுத்தியே துணையாகும்.

எச்.பி. நிறுவனத்தின் பொறிகளுக்கு எச்.பி.லிப் என்னும் தொகுதி உள்ளது. இதன் பெரும்பகுதி கட்டற்றது. ஆயின், சில பொறிகளுக்கு மூலநிரல் வெளியிடப்படாத ஓர் இணைப்பும் வேண்டும். தொகுதியின் பதிப்பெண்ணும் இணைப்பின் பதிப்பெண்ணும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. முறைமையைப் புதுப்பித்தபோது தொகுதி புதிதாகி, இணைப்பு பழையதாகவே எஞ்சுமாயின், நேற்றுவரை இயங்கிய பொறி இன்று வாளாவிருக்கும். ‘எச்பி-பிளகின்’ என்னும் கட்டளையால் இணைப்பை மீள நிறுவுதலே இதற்குத் தீர்வு. லேசர்ஜெற் 1020 போன்ற பொறிகள் மின்னை நிறுத்தியதும் தம் உள்நிரலை மறந்துவிடுவன. ஒவ்வொரு முறையும் கணினியே அதனை ஊட்டுதல் வேண்டும். அச்செயல் தவறினால், மற்றெல்லாம் செவ்வனே அமைந்தும் அச்சு வாராது.

நான்காவது வினா: பதிவேடு யாது கூறுகின்றது? கப்ஸ் தன் செயல்களை ‘எரர் லாக்’ என்னும் கோப்பில் வரிவரியாகக் குறித்து வைக்கின்றது. ‘கப்ஸ்சிடிஎல்’ என்னும் கட்டளையால் விரிவான பதிவை இயக்கி, ஒரேயொரு பக்கத்தை அச்சிட்டு, உடனே அக்கோப்பை வாசித்தால், நான்கு படிகளுள் எதிற் தடை நேர்ந்தது என்பது புலனாகும். கடைசி வரியை மட்டும் நோக்குதல் போதாது. முதன்முதல் தோன்றிய பிழையே பெரும்பாலும் காரணமாகவும், பின்வருவன அதன் விளைவுகளாகவும் அமையும்.

ஐந்தாவதாக, தமிழில் அச்சிடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாளில் தமிழெழுத்துக்கு மாறாகக் கட்டங்கள் விழுமாயின், அது செலுத்தியின் குற்றமன்று. உரிய எழுத்துரு கணினியில் இன்மையே காரணமாகும். ஆவணத்தை எழுத்துரு பொதிந்த பி.டி.எப். கோப்பாக மாற்றித் திரையிற் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். திரையிலேயே கட்டம் தோன்றின் எழுத்துருவைத் தேடுக. திரையிற் செம்மையாகவும் தாளிற் பிழையாகவும் இருப்பின் வடிகட்டியை நோக்குக.

செலுத்தி வேண்டாப் பொறிகள்

இணைய அச்சிடல் நெறிமுறை என்னும் பொதுமொழியை அடிப்படையாகக் கொண்டு, பொறியே தன் இயல்புகளைக் கணினிக்கு எடுத்துரைக்கும் முறை பரவியுள்ளது. 2010 இல் அப்பிள் அறிமுகஞ் செய்த எயார்பிறின்ற், 2013 இல் வகுக்கப்பெற்ற ஐ.பி.பி. எவ்ரிவெயார் என்பன இவ்வகையின. இவற்றை ஏற்கும் பொறிக்குத் தனிச் செலுத்தி வேண்டியதில்லை. யு.எஸ்.பி. வடத்தால் இணைந்த புதிய பொறிகளுக்கும் ‘ஐபிபி-யுஎஸ்பி’ என்னும் நிரல் இவ்வசதியை அளிக்கின்றது. ஆயின், அந்நிரல் பொறியைப் பற்றிக்கொண்டிருக்கும்போது பழைய செலுத்தி அதனை அணுக முடியாது. இரண்டினுள் ஒன்றையே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஈண்டுச் செலுத்தியை நிறுவியதே பிழையாகின்றது என்பது நோக்கத்தக்கது.

பழைய பொறிகளின் நிலை யாது? கப்ஸை ஆக்குவோர் எதிர்காலப் பதிப்பில் பி.பி.டி. வழிச் செலுத்திகளைக் கைவிடப் போவதாக அறிவித்துள்ளனர். ஆயினும், பழைய பொறியைப் புதிய பொறிபோலக் கணினிக்குக் காட்டும் ‘அச்சுப்பொறிச் செயலிகள்’ ஆக்கப்பட்டு வருகின்றன. கூட்டன்பர்க்கின் பெயரை நினைவூட்டும் கூட்டன்பிறின்ற் போன்ற கட்டற்ற செலுத்தித் தொகுதிகள் அவ்வழியில் தொடர்ந்து வாழும். மூலநிரல் மறைக்கப்பட்ட செலுத்திகளோ, உற்பத்தியாளர் கைவிட்ட அன்றே முதுமையடைகின்றன. பொறியின் உருளையும் சக்கரமும் இன்னும் பத்தாண்டு உழைக்க வல்லனவாயிருந்தும், ஒரு சிறு நிரல் இன்மையால் அப்பொறி குப்பைக்குச் செல்வது பொருளழிவு மட்டுமன்று, அறிவுக்கும் இழுக்காகும்.

ஓர் எச்சரிக்கை

யாரோ எழுதிய கட்டளைகளைப் பொருள் அறியாது முதன்மைப் பயனரின் அதிகாரத்தோடு இயக்குதலும், இணைப்பு எளிதாகட்டும் எனத் தீச்சுவரை நீக்கி 631 ஆம் வாயிலை உலகுக்கெல்லாம் திறந்துவிடுதலும் தீது பயப்பன. 2024 ஆம் ஆண்டு செப்ரெம்பரில், கப்ஸோடு சேர்ந்த ‘கப்ஸ்-பிரௌஸ்ட்’ முதலிய கூறுகளிற் பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டன. அவ்வாயில் திறந்திருந்த கணினியில் அயலான் ஒருவன் போலி அச்சுப்பொறியைப் புகுத்தி, பயனர் அதிற் பக்கம் அச்சிடும்போது தன் கட்டளையை இயக்கக்கூடும் என அறியப்பட்டது. திருத்தங்கள் வெளிவந்துள்ளன; முறைமையைப் புதுப்பித்து வைத்தலும், தேவையற்ற வாயிலை அடைத்தலும் நம் கடன்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், செலுத்திச் சிக்கல் என்று பொதுப்படச் சொல்லப்படுவது, வடம், வரிசை, வடிகட்டி, பின்முனை, எழுத்துரு எனப் பல இடங்களிற் பிறப்பது என்பது தெளிவாகும். காண்பது, பிரிப்பது, ஒன்றையே மாற்றிச் சோதிப்பது, பதிவை வாசிப்பது என்னும் இவ்வொழுங்கு அச்சுப்பொறிக்கு மட்டும் உரியதன்று. அறிவியற் கூடத்து மாணவன் கைக்கொள்ளும் முறையும் இதுவே. பொறியை வாங்குமுன் அது பொதுமொழியை உணர்வதா, அதன் செலுத்தி கட்டற்றதா என வினவுதலும், வாங்கியபின் குறையை ஒழுங்காகத் தேடுதலும் கைவரப்பெற்ற கல்லூரிகள், பிறர் கழித்த கணினிகளையும் பொறிகளையும் கொண்டே தம் மாணவர்க்கு வேண்டிய பாடத்தாள்களை அச்சிட்டுக்கொள்ள இயலும். கருவியைப் பயன்படுத்துதல் கல்வியின் தொடக்கம். அது தவறியவிடத்துக் காரணம் அறிந்து திருத்துதலே கல்வியின் பயனாகும்.