"37-ல் ஒன்று!" — வானத்திலிருந்து வந்த பயம்

பூமிக்கு முடிவு காலம் வந்துவிட்டது என்று பேச்சுக் கிளம்புவது ஒன்றும் புதிதல்ல. 1962-ம் வருஷம் பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடியபோது நாடெங்கும் யாகம் வளர்த்தார்கள். 1979-ல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் யார் தலையில் விழுமோ என்று ஊரெல்லாம் நடுங்கிற்று. அது போய் விழுந்ததோ மேற்கு ஆஸ்திரேலியாவில்!

ஆனால் 2004-ம் வருஷம் டிசம்பர் கடைசி வாரத்தில் கிளம்பிய பயம் வேறு ரகம். அதைச் சொன்னவர்கள் ஜோஸ்யர்கள் அல்ல. வான ஆராய்ச்சி விஞ்ஞானிகள். கையில் கணக்கை வைத்துக்கொண்டு சொன்னார்கள்.

அந்த வருஷம் ஜூன் 19-ந் தேதி, அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்து கிட் பீக் மலையிலுள்ள டெலஸ்கோப்பில் மங்கலான ஒரு புள்ளி அகப்பட்டது. சூரியனைச் சுற்றி வரும் ஒரு விண்கல் அது. இரண்டு இரவு பார்த்தார்கள். பிறகு தவற விட்டுவிட்டார்கள். டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் மறுபடி கண்ணில் பட்டது. அதன் பாதையைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். 2029-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, வெள்ளிக்கிழமை, அது பூமியில் மோதக்கூடும்!

கல் என்றால் சாதாரணக் கல்லா? ஏறக்குறைய 340 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவோ, அவ்வளவு. விழுந்தால் உலகம் அழிந்துவிடாது. ஆனால் விழுந்த தேசம் லேசில் எழுந்திருக்காது.

டிசம்பர் 23-ந் தேதி, மோதுவதற்கு 300-ல் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். மறுநாள் 60-ல் ஒன்று என்றார்கள். 27-ந் தேதி 37-ல் ஒன்று! விண்கல் அபாயத்தை அளக்க 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் இந்தக் கல் 4-ம் படிக்கு ஏறியது. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, வேறெந்தக் கல்லும் அந்த உயரத்தை எட்டியதில்லை.

பாம்பு எந்த வீட்டில்?

நாளுக்கு நாள் கணக்கு ஏறிக்கொண்டே போனால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

முந்நூறு வீடுள்ள ஒரு தெருவில் நல்ல பாம்பு புகுந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். எந்த வீடு என்று தெரியாது. நம் வீடாக இருக்க 300-ல் ஒரு பங்கு வாய்ப்பு. "கீழண்டைப் பக்கம் போனதைப் பார்த்தேன்" என்கிறார் ஒருவர். அந்தப் பக்கத்தில் அறுபது வீடுகள். நம் வீடும் அங்கேதான். உடனே 60-ல் ஒன்று ஆகிவிட்டது! "கிணற்றைத் தாண்டிப் போயிற்று" என்கிறார் இன்னொருவர். கிணற்றுக்கு அப்பால் 37 வீடுகள். பாம்பு ஓர் அங்குலம்கூட நம் பக்கம் திரும்பவில்லை. நமக்குத் தெரிந்த விவரம்தான் கூடியிருக்கிறது. கடைசியில் ஒரு பையன் ஓடி வந்து, "அதோ, காலி மனையில் கிடக்கிறது!" என்றதும் நம் பங்கு பூஜ்யமாகிவிடுகிறது.

விண்கல் கணக்கும் இதே மாதிரிதான். கல் எங்கே இருக்கலாம் என்ற பரப்பு சுருங்கச் சுருங்க, அதற்குள் பூமி அகப்பட்டிருக்கும் வரையில் அபாயப் பங்கு ஏறும். பரப்பு பூமியை விட்டு விலகியதும் ஒரேயடியாக விழுந்துவிடும். இந்தக் கடைசிப் பாதியைக் கேட்கப் பொறுமை வேண்டும். தலைப்புச் செய்திக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கடல் பொங்கிய நாள்

இத்தனைக்கும் அந்த வாரம் உலகம் வானத்தைப் பார்க்கவில்லை. காரணம் நமக்குத் தெரியும். டிசம்பர் 26-ந் தேதி காலை 6-29 மணிக்கு சுமத்ரா அருகே கடலடியில் பூகம்பம் உண்டாயிற்று. சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு நம் கரையில் சுனாமி ஏறியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டு மணி நேரம் கைவசம் இருந்தும் எச்சரிக்க ஆளில்லை. பசிபிக் சமுத்திரத்தில் 1949 முதலே சுனாமிக் காவல் இருந்தது. இந்து மகா சமுத்திரத்தில் இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் வந்தது 2007-ல்தான்!

பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், 37-ல் ஒன்று என்ற கணக்கு யார் காதிலும் ஏறவில்லை. 27-ந் தேதியே அது முடிந்தும் போயிற்று. அதே கிட் பீக்கில் வேறொரு டெலஸ்கோப் மார்ச் மாதம் எடுத்திருந்த பழைய படங்களில் இந்தக் கல் பதிந்திருந்தது. பாதை தெளிவாயிற்று. 2029-ல் மோதாது!

அடுத்த வருஷம் அதற்கு அபோபிஸ் என்று பெயரிட்டார்கள். சூரியனை விழுங்கப் பார்க்கும் எகிப்தியப் புராணப் பாம்பின் பெயர் அது. நம் ராகு கேதுவுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். 2021-ல் ராடார் கொண்டு அளந்து, இன்னும் நூறு வருஷத்துக்கு அதனால் ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

2025 பிப்ரவரியிலும் இதே நாடகம் நடந்தது. '2024 ஒய்.ஆர்.4' என்ற கல் 2032 டிசம்பரில் மோத 3.1 சதவிகிதம் வாய்ப்பு என்றார்கள். விழக்கூடிய பட்டையில் தெற்கு ஆசியாவும் இருந்தது. அடுத்த ஒரே வாரத்தில் அது 0.004 சதவிகிதமாக இறங்கியது.

சொல்லாமல் வந்த கல்

அப்படியானால் பயமே வேண்டாமா? 2013-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதியைக் கேளுங்கள். அன்று ஒரு கல் பூமியிலிருந்து 27,700 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும் என்று முன்கூட்டியே சொல்லி, உலகமே காத்திருந்தது. சொன்னபடி கடந்தும் போயிற்று. ஆனால் அதற்குப் பல மணி நேரம் முன்னதாக, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கல் ருஷ்யாவில் செலியாபின்ஸ்க் நகரத்து வானில் வெடித்தது. சுமார் 20 மீட்டர் கல்தான். சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்த டெலஸ்கோப்புக்கும் அகப்படவில்லை. சூரியனைப் போல் ஒளி வீசியதைக் கண்டு ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒலி ஒளியைவிட மெதுவாக வரும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? சற்றுப் பொறுத்து வந்த அதிர்ச்சி அலை கண்ணாடிகளை நொறுக்கியது. காயமடைந்தவர்கள் சுமார் 1,500 பேர். ஓர் ஆசிரியை மட்டும் தம் வகுப்புப் பிள்ளைகளை மேஜைக்கடியில் புகச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் கைதான் கிழிந்தது.

ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கற்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கண்டுபிடித்தாயிற்று. 140 மீட்டர் அளவுள்ளவற்றிலோ பாதிகூட இன்னும் கணக்கில் வரவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் தள்ளிவிட வழி உண்டு: 2022 செப்டம்பரில் அமெரிக்கா ஒரு விண்கலத்தை டைமார்போஸ் என்ற கல்லில் மோதவிட்டு, அது சுற்றும் நேரத்தில் அரை மணிக்கு மேல் குறைத்துக் காட்டியது. தெரியாத கல்லை எங்கே போய்த் தள்ளுவது? சூரியன் பக்கத்துக் கற்களையும் தேடிப் பிடிக்க 'நியோ சர்வேயர்' என்ற விண்வெளி டெலஸ்கோப்பை அமெரிக்கா தயாரித்து வருகிறது.

அபோபிஸ் சொன்ன நாளில் வருகிறது. பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர்; நம் டெலிவிஷன் செயற்கைக் கோள்கள் அதைவிட உயரத்தில் சுற்றுகின்றன. ஆஸ்திரேலியா, இந்து மகா சமுத்திரம், ஆப்பிரிக்கா என்று மேற்கே நகர்ந்து, அட்லாண்டிக் மேலே வரும்போது மிக அருகில் இருக்கும். நம் கடிகாரப்படி அது ஏப்ரல் 14-ந் தேதி விடியற்காலை 3-16 மணி. அன்று சித்திரை முதல் நாள்.