தீர்ப்பு கிடைத்த பிறகு

அந்தக் குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், மடியில் இருந்த மஞ்சள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்கூல் ஃபீஸ் ரசீது இரண்டு, வேன் கட்டண அட்டை, இன்ஹேலர் வாங்கிய பில், பையனுக்கு வெள்ளை ஷூ எடுத்த துண்டுச் சீட்டு.

"ஷூ பில்லையும் வைக்கலாமாக்கா?"

தாராளமாக வைக்கலாம். பிள்ளைக்கான ஜீவனாம்சம் என்பது சோற்றுக்கும் துணிக்கும் மட்டுமல்ல. படிப்பு, வைத்தியம், குடியிருப்பு எல்லாம் அதில் சேர்த்தி. 2001 வரை இந்த ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. அதை எடுத்துவிட்டார்கள். இதற்கான விதி அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவு. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் இன்னமும் 'ஒன் ட்வென்டி ஃபைவ்' என்றுதான் சொல்கிறார்கள். தாயும் தகப்பனும் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார்களா என்ற கேள்வி பிள்ளையின் உரிமையைத் தொடாது என்பது இந்தப் பிரிவின் பெரிய மனது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மனு எழுதித் தரும், வக்கீலையும் அமர்த்தித் தரும். தொலைபேசி எண் 15100.

தகப்பனின் வருமானத்தை எப்படி நிரூபிப்பது? அவர் "வேலையே இல்லை" என்பார், இவர் "கைநிறையச் சம்பளம்" என்பார். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தொகையும் மனு போட்ட நாளிலிருந்தே கணக்கு. வழக்கை இழுத்தடிப்பதில் இருந்த லாபம் இதனால் கொஞ்சம் குறைந்தது.

இதுவரை சரி. உத்தரவு வந்த பிறகு பணத்தை யார் வாங்கித் தருவது?

நம் ஊரில் அது தாயின் வேலை. பணம் வராவிட்டால் இன்னொரு மனு, வாரண்ட், அதைக் கொடுக்கப் போகும் போலீஸ்காரர், "வீடு பூட்டியிருந்தது" என்ற பதில். கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பலாம். உள்ளே போய்விட்டு வந்தால் பாக்கி தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. தீராது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் இந்த வசூலுக்கென்றே 1975-ல் தனி அரசுத் திட்டம் வந்தது. அங்கே புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தால் நிறுவனம் 20 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஜீவனாம்ச உத்தரவு இருந்தால் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். 2,500 டாலருக்கு மேல் பாக்கி வைத்தவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே: தகப்பன் கொடுக்காவிட்டால் அரசே குழந்தைக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளும். அங்கேயும் எல்லாப் பணமும் வந்துவிடுவதில்லைதான். ஆனால் துரத்துகிற வேலை தாயின் தலையில் இல்லை. எனக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் பெரிதாகப் படுகிறது.

மஞ்சள் பைக்காரருக்கு அன்று இரண்டு மனுக்கள். பையன் எல்.கே.ஜி. படித்தபோது நிர்ணயித்த 3,000 ரூபாயை உயர்த்தக் கேட்டு ஒன்று; இப்போது அவன் இரண்டாம் வகுப்பு. இன்னொன்று, 11 மாத நிலுவைக்கு. நிலுவை விழுந்து ஓராண்டுக்குள் மனு போடாவிட்டால் அந்த மாதத் தொகைக்கு வாரண்ட் கேட்க முடியாது. "பக்கத்து வீட்டு அண்ணி சொல்லித்தான் தெரியும்" என்றார்.

பெயர் கூப்பிட்டார்கள். எதிர்மனுதாரர் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தவர், என்னிடம் பேனா வாங்கி, வேன் கட்டண அட்டையின் பின்பக்கம் அடுத்த வாய்தா தேதியை எழுதிக்கொண்டார்.